எட்டாம் நம்பரின் சங்கு

எங்கள் இசைத் தொகுப்பைப் பற்றி முதன்முதலில் எழுதியவர், அதைக் கேட்டுவிட்டு அழுததாக எழுதியிருந்தார். வேறு யாராவது என்றால் அந்தப் பக்கத்தை வெட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி மாட்டியிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இது நடந்தது 2003இல். நான் கேத்ரின். ஹட்டனுக்குப் பக்கத்தில், நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு டீச்சர். கிட்டார் வாசிப்பேன். டிரம்ஸ் அன்டன், எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, அடுத்த லயத்துக்காரன், ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் டெலிபோன் கடை வைத்திருந்தான். பேஸ் கிட்டார் கஜதீபன். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டன் தபால் கந்தோரில் உத்தியோகம். மூன்று பேரும் சேர்ந்து ‘மடுவம்’ என்றொரு குழு வைத்திருந்தோம். மடுவம் என்றால் எங்கள் பக்கத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகை. குழுவில் பாடகர் கிடையாது, ஏனென்றால் எங்களிடம் பாட்டே கிடையாது. வெறும் வாத்தியம்தான். ஒரு சுரத்தைப் பிடித்தால் அதைச் சட்டென்று விடமாட்டோம். மெல்ல மெல்ல ஏற்றுவோம், உச்சிக்குப் போனதும் மூன்று பேரும் சேர்ந்து கொட்டித் தீர்ப்போம்.

தொகுப்பின் பெயர் ‘எட்டாம் நம்பர்’. தேயிலை மலைகளுக்கு நம்பர்தான் பெயர். எட்டாம் நம்பர் மலையில்தான் என் அம்மா சிசிலி அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். ஹட்டனில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் கடையொன்றின் மாடியில் அதைப் பதிவு செய்தோம். கீழே பஸ் ஸ்டாண்ட். எவ்வளவுதான் ஜன்னலை மூடினாலும், இரண்டாவது இசையின் அமைதியான இடத்தில் ஒரு கண்டக்டர் “கினிகத்தேன! கினிகத்தேன!” என்று ஊர்ப் பெயரைக் கூவுவது லேசாக உள்ளே வந்துவிட்டது. திரும்ப வாசிக்க எங்களுக்குத் தெம்பில்லை, அப்படியே விட்டுவிட்டோம்.

சீடி வெளியே போனது. முதலில் கொழும்பில் ஒரு தமிழ் ரேடியோவிலிருந்து அன்டனின் கடைக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

“அக்கா, ஒங்க சீடி கெடைச்சிச்சு. பாட்டு எத்தினையாவது நிமிசத்துல ஆரம்பிக்குது?”

“பாட்டு இல்லை தம்பி. இசை மட்டும்தான்.”

“ஓ…” என்றான். “அப்ப விளம்பரத்துக்குப் பின்னால போட்டுக்கவா அக்கா? நல்லாப் பொருந்தும். ஆ, இது எட்டாம் நம்பர்னு போட்டிருக்கே, மொத ஏழும் இருந்தா அதையும் அனுப்பி வையுங்க.”

போனை வைத்துவிட்டு அன்டனைப் பார்த்தேன். அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

அடுத்துத்தான் அந்த ஆங்கிலப் பத்திரிகை. எழுதியவர் றோலண்ட் என்று, வெள்ளைக்கார வம்சாவளியில் வந்த ஒரு பறங்கி. கொழும்பில் இசை விமர்சனம் என்றால் அவர்தானாம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பாதியை எங்களுக்குக் கொடுத்திருந்தார். இந்த நாட்டில் ‘போஸ்ட்-ரொக்’ வகையில் இப்படியொரு படைப்பை இதுவரை கேட்டதில்லை என்று எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது எனக்கும் மனசு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் தோட்டத்தில் அந்த வார்த்தை பட்ட பாடு வேறு. கஜதீபன் தபால் கந்தோரில் வேலை செய்வதால்தான் இதற்கு ‘போஸ்ட் ரொக்’ என்று பெயர் வந்தது என லயம் லயமாக முடிவு கட்டிவிட்டார்கள். “அரசாங்க உத்தியோகத்தரு சேந்ததால அரசாங்கப் பேரே வச்சிட்டாங்க” என்று கடைக்காரர் இராமையா விளக்கமும் கொடுத்தார். கஜதீபன் அதை மறுக்கவேயில்லை. உள்ளுக்குள் அவருக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன்.

பாராட்டுக்குப் பிறகுதான் வில்லங்கம். இரண்டாவது இசையில் ‘தொலைந்துபோன ஆத்மா ஒன்று தூரத்திலிருந்து அழைக்கும் குரல்’ தன்னை உறையவைத்ததாக றோலண்ட் எழுதியிருந்தார். அது கினிகத்தேனை பஸ் கண்டக்டர். அதையாவது சிரித்துவிட்டு விட்டுவிடலாம். கடைசி இசையைப் பற்றித்தான் பாதிக் கட்டுரை. அந்த இசையின் பெயர் ‘சங்கு’. தமிழர்கள் சாவு வீட்டில் ஊதுவது சங்கு என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். பிறகென்ன? கிட்டாரில் நான் எழுப்பிய நீண்ட ஒலி ஒரு சமூகத்தின் பிணத்துக்கு முன்னால் ஊதப்படும் சங்காம். பின்னால் வரும் டிரம்ஸ் சுடுகாட்டுக்குப் போகிறவர்களின் காலடியாம். அதைக் கேட்டுத்தான் மனுஷர் அழுதிருக்கிறார்.

எங்கள் தோட்டத்தில் சங்கு என்றால் தொழிற்சாலைச் சங்கு. மோட்டாரில் ஓடுவது. காலையில் ஊதினால் வேலைக்குப் போகவேண்டும், பின்னேரம் நாலரைக்கு ஊதினால் வேலை விட்டாச்சு. நான் வாசித்தது பின்னேரச் சங்கு. மோட்டார் சுற்றத் தொடங்கும்போது அடித்தொண்டையில் முனகும், பிறகு ஏறும், உச்சியில் நின்று மலை முழுவதும் பரவும். அதைக் கேட்டுத்தான் பொம்பளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அன்டனின் டிரம்ஸ் அவர்கள் இறங்கி வருகிற காலடி. நாளிலேயே நல்ல நேரம் அது. ஏழு வயதில் லயத்து வாசலில் நின்று அந்தச் சங்குக்காகக் காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறேன். அது ஊதினால் அம்மா வருவாள். அந்தச் சந்தோஷத்தை அப்படியே பிடித்து வைக்க இரண்டு வருஷம் மெனக்கெட்டேன். இந்த மனுஷர் அதை எடுத்துப் பாடையில் வைத்துவிட்டார்.

“அந்தாள் நல்லாத்தானே எழுதியிருக்கிறார்,” என்றார் கஜதீபன். “விளக்கம் பிழை எண்டாலும் மரியாதையாத்தான் எழுதியிருக்கிறார். விடுங்கோவன்.”

“விடமாட்டேன்.”

“நீங்கள் விடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும். சும்மா சொல்லிப் பாத்தன்.”

அதோடு முடிந்திருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஒரு தமிழ்ப் பத்திரிகை அந்தக் கட்டுரையை மொழிபெயர்த்துப் போட்டது. தலைப்பு: ‘மலையகத்தின் சாவுச் சங்கு ஒலிக்கிறது’. இராமையா அதைக் கடை வாசலில் நின்று ஏற்ற இறக்கத்தோடு வாசித்திருக்கிறார். மாலை வகுப்பு முடிந்து நான் வந்தபோது அம்மா அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

“ஏன்டி கேத்தி, நான் உசிரோட இருக்கையில எனக்கு சங்கு ஊதுறியா?”

“அம்மா, அது ஃபேக்டரி சங்கும்மா.”

“அப்ப பேப்பர்ல பொய்யா போடுவாங்க? சாவுச் சங்குன்னு அச்சடிச்சிருக்காங்க. லயத்துல அம்புட்டுப் பேரும் என்னையத்தான் ஏற எறங்கப் பாக்குறாங்க. நம்ம வேதக்காரங்க. செத்தாலும் நமக்கு அந்தோனியார் கோயில் மணிதான். அது கூடத் தெரியாமயா நீ டீச்சரு வேல பாக்குற?”

“ஒரு தடவ கேட்டுப் பாரும்மா. கேட்டா ஒனக்கே தெரியும்.”

“சாவு மேளத்தையெல்லாம் நான் உக்காந்து கேக்க மாட்டேன். அந்தத் தட்ட வீட்டுக்குள்ள வைக்காத.”

தட்டு என்றது சீடியை. அம்மா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். என் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடவேண்டியதில்லை. அன்றைக்கே சீடியை அன்டன் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதேன். றோலண்ட் அழுதது வேறு, நான் அழுதது வேறு.

அந்த வாரத்திலேயே கொழும்பிலிருந்து இன்னொரு போன். ஒரு பெரிய மண்டபம், எங்களுக்கு முழு மாலையும் தருகிறார்களாம். றோலண்டின் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டார்கள். நிகழ்ச்சிக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: ‘கண்ணீர்த் தேநீர்’. நாங்கள் வாசிக்கும்போது பின்னால் திரையில் கொழுந்து பறிக்கிற பெண்களின் சோகமான முகங்களைக் காட்டுவார்களாம். இடையிடையே ஒருவர் உருக்கமாகப் பேசுவாராம்.

அன்டனுக்கும் கஜதீபனுக்கும் அந்த மேடை எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும். எனக்கும் அது வேண்டும். எங்கள் இசை நல்ல இசை, பெரிய மண்டபத்தில் பெரிய ஸ்பீக்கரில் கேட்கவேண்டிய இசை. அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் யாருக்காக வாசித்தேனோ அவளே சாவு மேளம் என்று காதைப் பொத்திக்கொண்டிருக்கும்போது, நான் எந்த முகத்தோடு மேடை ஏறுவேன்? இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

“அம்மா ஒரு தடவ கேக்கணும். கேட்டுட்டு நல்லா இல்லைன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல. கேக்காம நான் கொழும்புக்கு வரமாட்டேன்.”

“உங்கட அம்மா கேக்காட்டி?” என்றார் கஜதீபன்.

“அப்ப நீங்க ரெண்டு பேரும் போய் போஸ்ட் ரொக் வாசிங்க.”

கொழும்புக்காரர்களுக்குப் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் றோலண்டே போன் பண்ணினார். நிகழ்ச்சிக்கு முன்னால் இன்னொரு கட்டுரை எழுதவேண்டுமாம், தோட்டத்தைப் பார்க்கவேண்டுமாம். அந்தோனியார் திருநாளுக்குக் கொடி ஏற்றுகிற நாளில் வரச் சொன்னேன். நேரில் வந்தால் நாலு வார்த்தை கேட்கலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். அந்த நாட்களில் தொழிற்சாலைச் சங்கு ஊதவில்லை. மோட்டார் எரிந்துபோய்க் கழற்றிக் கொண்டுபோயிருந்தார்கள். சங்கு இல்லாததால் வேலை விடுகிற நேரம் கண்டாக்கையாவின் கைக்கு வந்தது. கண்டாக்கையா என்றால் மலையில் வேலையை மேய்க்கிற உத்தியோகத்தர். அவருடைய கைக்கடிகாரத்தில் நாலரை மணி ஆறுதலாக, ஊர்ந்துதான் வரும். “இன்னும் நேரமிருக்கு, இன்னும் நேரமிருக்கு” என்று இருட்டுக் கட்டும்வரை நிற்கவைத்தார். பொம்பளைகள் தினமும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

றோலண்ட் காலை ரயிலில் வந்து சேர்ந்தார். உயரமான, கொஞ்சம் கூனலான மனுஷர். குடையும் தோள்பையுமாக, ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்க வந்தார். தமிழ் அவருக்கு வணக்கத்தோடு நின்றுவிடும். என்னோடு ஆங்கிலத்திலும் அன்டனோடு சிங்களத்திலும் பேசினார். சாப்பாட்டுக்குப் பிறகு கோயிலடிக்கு நடந்தோம். அங்கே சவுண்ட் சேர்விஸ் அழகுமுத்து சவுக்கு மரத்தில் ஏறி, எட்டாம் நம்பர் மலையைப் பார்த்தபடி குழாய் ஸ்பீக்கர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

நடக்கும்போதே ஆரம்பித்துவிட்டேன். “நீங்கள் எழுதியது பிழை. அது சாவுச் சங்கு இல்லை, தொழிற்சாலைச் சங்கு.”

அவர் நின்றார். முகம் சிவந்தது. “யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனால் நான் அழுதது உண்மை. அதை எப்படிப் பிழை என்பீர்கள்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஒருவர் அழுவதை நான் எப்படித் தடுப்பது?

“அழுங்கள்,” என்றேன். “உங்கள் கண், உங்கள் கண்ணீர். அதைக் கொண்டுவந்து எங்கள் தலையில் ஊற்றாதீர்கள்.”

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்தார். “இந்த வெளியில், இந்த மலைக்கு முன்னால் உங்கள் சங்கு எப்படிக் கேட்கும் என்று தெரியவேண்டும்,” என்றார்.

அன்டன் உடனே வீட்டுக்கு ஓடிப்போய் சீடியை எடுத்துவந்தான். அழகுமுத்துவுக்கும் ஸ்பீக்கர் சரிபார்க்க ஏதாவது வேண்டியிருந்தது. “எது வேணும்னாலும் போடுங்க, எனக்குச் சத்தம் வந்தாப் போதும்” என்றார். கடைசி இசையைப் போடச் சொன்னேன். அப்போது மணி நாலுகூட ஆகவில்லை. பின்னால் நடக்கப்போவதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அந்தோனியார் மேல் சத்தியம்.

முதலில் அந்த முனகல். குழாய் ஸ்பீக்கருக்கு அடித்தொண்டை பிடிக்காது, கரகரத்தது. பிறகு ஒலி ஏறத் தொடங்கியது. வீடியோக் கடை மாடியில் நான் வாசித்தபோதுகூட அது இப்படிக் கேட்டதில்லை. தகரக் குழாய் அதைப் பிடித்து எட்டாம் நம்பர் மலை மேல் எறிந்தது, மலை திருப்பிக் கொடுத்தது. ‘இதுதான், இதுதான் நான் கேட்டது’ என்று மனசுக்குள் கத்தினேன்.

மலையில் தலைகள் நிமிர்ந்தன. பச்சைக்கு நடுவே சிவப்பும் மஞ்சளுமாகத் தலைத்துணிகள். ஒரு கூடை அசைந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மலையே இறங்கத் தொடங்கியது.

“ஐயோ,” என்றான் அன்டன்.

நிறுத்தியிருக்கலாம். என் கை போகவில்லை. அழகுமுத்துவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மேலேயிருந்து சிரிப்பும் கூச்சலும் கேட்டன. “சங்கு வந்திருச்சி! சங்கு வந்திருச்சி!” ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். சரியாக அந்த நேரம் பார்த்து அன்டனின் டிரம்ஸ் உள்ளே வந்தது. பாதையில் காலடிகள், ஸ்பீக்கரில் காலடிகள். அன்டன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவர்களுடைய கால்களையே பார்த்தான்.

“கேத்ரின், நான் ஸ்லோவா அடிச்சிருக்கேன்,” என்றான். “பாரு, இவங்க எம்புட்டு வேகமா வர்றாங்க. அடுத்த தடவ கூட்டி அடிக்கணும்.”

பின்னாலேயே கண்டாக்கையா. ஒரு கையில் கம்பு, மறு கையை உயர்த்திக் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு ஓடிவந்தார். “யாரு ஊதச் சொன்னது? நாலு மணியே ஆகல! எல்லாரும் மேல ஏறுங்க!”

யாரும் ஏறவில்லை. எல்லோருக்கும் முன்னால் வந்து மடுவத்தில் கூடையை இறக்கியது என் அம்மா. மடுவம் கோயிலடிக்குப் பக்கத்திலேதான். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கண்டாக்கையாவைப் பார்த்தாள்.

“சங்கு ஊதினா எறங்கணும். அதுதானங்க சட்டம்? ஊதாத அன்னைக்கு ஒங்க கடிகாரத்த நம்பினோம்ல. ஊதின அன்னைக்கு சங்க நம்புறோம்.”

“அது நம்ம சங்கு இல்ல சிசிலி! ஒம் மக போட்ட ரெக்கோட்டு!”

அம்மா திரும்பினாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இசை அப்போது உச்சியில் நின்றது. மூன்று பேரும் கொட்டித் தீர்க்கிற இடம். பொம்பளைகள் எல்லோரும் அம்மாவைச் சுற்றிக் கூடினார்கள். பரீட்சை முடிவுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

“இதுவா அந்தச் சாவு மேளம்?” என்றாள் அம்மா.

“இதுதாம்மா.”

றோலண்ட் முன்னே வந்தார். சிங்களத்தில், மரியாதையாக, “இதைக் கேட்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது? துக்கமாக இருந்ததா?” என்று கேட்டார். நான் குறுக்கே பாய்ந்து விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கையைக் காட்டி என்னை அடக்கினாள். அவளுக்குச் சந்தைச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

“எதுக்குத் துக்கம்?” என்றாள். “என் காலு தன்னாலே எறங்கிருச்சி. வேல விட்டாச்சுல்ல.”

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், “கொஞ்சம் நீளமா இருக்கு,” என்றாள். “நம்ம சங்கு இம்புட்டு நேரம் ஊதாது. ஆனா இதுவே நல்லாருக்கு. சும்மா ஊதிட்டு விட்டுறாம, வீடு வரைக்கும் கூடவே வருது.”

நான் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஈரமும் கொழுந்து வாசமுமாக இருந்தாள். “ஏ விடுடி, மேல எல்லாம் சேறு” என்று தள்ளினாள். நான் விடவில்லை.

கண்டாக்கையா தோட்டத்து மேனேஜரான தொரையிடம் முறையிட்டார். தொரை விசாரிக்கப்போய், சங்கில்லாத நாட்களில் வேலை எத்தனை மணிக்கு விட்டது என்ற கதையும் சேர்ந்து வெளியே வந்தது. அன்றைக்குச் சீக்கிரம் இறங்கியதைத் தொரை பெரிதுபடுத்தவில்லை. தொழிற்சாலைச் சங்கு திரும்பி வரும்வரை, கோயில் ஸ்பீக்கரில், தொழிற்சாலைக் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக நாலரைக்கு அந்த சீடியைப் போடலாம் என்று தீர்ப்பானது. கேட்டு வாங்கியது பொம்பளைகள்தான். எந்த ரேடியோவும் விளம்பரத்துக்குப் பின்னால்கூடப் போடாத எங்கள் இசையை, சங்கு வரும்வரை ஒரு மலை முழுக்க நாள் தவறாமல் கேட்டது. மோட்டார் திரும்பி வந்தபோது, “பழைய சங்கு இப்ப ரொம்பக் கட்டையா கேக்குது” என்று சிலர் குறைகூடச் சொன்னார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொழும்புக்குப் போன் பண்ணினேன். பெயரை மாற்றவேண்டும், திரையில் சோக முகம் கூடாது, உருக்கமாகப் பேசுகிறவர் வீட்டிலேயே உருகட்டும் என்றேன். சம்மதமென்றால் வருகிறோம். அவர்கள் முதலில் மழுப்பினார்கள். அதற்குள் றோலண்டின் இரண்டாவது கட்டுரை வந்துவிட்டது. தான் கேட்டது வேறு, மலை கேட்டது வேறு என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருந்தார். பஸ் கண்டக்டரைப் பற்றியும் எழுதியிருந்தார், அதை அன்டன் போட்டுக்கொடுத்திருக்கிறான். ஆனாலும் மறுபடி கேட்டபோதும் தனக்குக் கண் கலங்கியது என்று கடைசியில் பிடிவாதமாகச் சேர்த்திருந்தார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்தது. மண்டபக்காரர்கள் பெயரை ‘எட்டாம் நம்பர்’ என்றே மாற்றினார்கள்.

அம்மா கல்யாண வீடுகளுக்கு உடுத்துகிற ஊதாச் சேலையில் ரயிலேறினாள். மண்டபத்தில் முதல் வரிசையில், றோலண்டுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். நிறைந்த கூட்டம். கொழும்பில் அப்படி ஒரு ஸ்பீக்கரில், அப்படி ஒரு அமைதிக்கு நடுவே வாசித்தபோது எங்களுக்கே எங்கள் மேல் மரியாதை வந்தது. அன்டன் சொன்னபடி கூட்டியே அடித்தான். கஜதீபன் கண்ணை மூடியவர் திறக்கவேயில்லை.

கடைசி இசைக்கு முன் நான் மைக்கைப் பிடித்தேன். “இதன் பெயர் சங்கு,” என்றேன். “எங்கள் தோட்டத்தில் இது ஊதினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான்.” அதையே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சொன்னேன்.

முனகலில் தொடங்கி ஏற்றினேன். ஒலி உச்சியைத் தொட்டபோது, முதல் வரிசையில் அம்மா எழுந்தாள். கழற்றி வைத்திருந்த செருப்பைக் காலால் தேடி மாட்டினாள். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நடுப்பாதையில் வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள். கூட்டம் திடுக்கிட்டுப் பார்த்தது. பாவம், அந்த அம்மாவுக்குத் தாங்கமுடியவில்லை என்று அவர்கள் நினைப்பது எனக்கு மேடையிலிருந்தே தெரிந்தது. என் விரல் ஒரு கணம் தடுமாறியது. என் அம்மாவை எனக்குத் தெரியாதா? விரலை மறுபடி அழுத்திப் பிடித்தேன்.

வாசலில் நின்று அவள் திரும்பினாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்து, மலையில் கூப்பிடுகிற அதே குரலில் கேட்டாள்.

“என்னாங்க, சங்கு ஊதியாச்சு, இன்னும் உக்காந்திருக்கீங்க?”

முதலில் எழுந்தது றோலண்ட். கண்ணைத் துடைத்துக்கொண்டார், குடையை எடுத்துக்கொண்டார், அம்மாவுக்குப் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். ஒரு வரிசை எழுந்தது, அடுத்த வரிசை எழுந்தது. அன்டனின் டிரம்ஸ் உள்ளே வந்தபோது மண்டபம் முழுக்கக் காலடி. இந்த முறை தாளம் சரியாக இருந்தது.

காலியான நாற்காலிகளுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் கடைசிவரை, ஒரு சுரம்கூடக் குறைக்காமல் வாசித்து முடித்தோம். யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.